பேணிக் கப்பலின் வெள்ளோட்டம்

அந்த வருடம் நோர்வேயின் புருசெத்தில் எங்கள் அடுக்குமாடியிலிருந்த எந்தத் தமிழ் வீட்டிலிருந்தும் தேங்காய்ப்பால் தகரப்பேணி குப்பைக்குப் போகவில்லை. எல்லாம் எங்கள் கதவடிக்குத்தான் வந்தன. கழுவித் துடைத்துக் கொண்டுவந்து தந்தவர்களும் உண்டு. கழுவாமல் பையோடு வைத்துவிட்டு, மணியை அடித்துவிட்டு ஓடியவர்களும் உண்டு. கழுவாத பேணி இரண்டு நாளில் என்ன மணம் மணக்கும் என்று தேங்காய்ப்பாலில் சமைக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு அதையெல்லாம் கழுவியது நான். வெட்டித் தட்டித் தகடாக்கியது என் அண்ணா. அவர் கப்பல் கட்டிக்கொண்டிருந்தார்.

விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் சோபாவை விட நீளமான கப்பல். நிலவறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் கம்பிவலை அடித்த ஒரு சாமான் அறை தந்திருந்தார்கள். எங்கள் அறையிலிருந்த பழைய மெத்தை, பனிச்சறுக்குக் கட்டை, நான் ஊருக்கு அனுப்பக் கட்டி வைத்திருந்த உடுப்புப் பெட்டி எல்லாவற்றையும் மேலே என் வீட்டுக்குள் ஏற்றிவிட்டு, அந்த அறையைத் தன் கப்பல் பட்டறையாக்கிக்கொண்டார். நான் கத்தினேன். கத்தி என்ன பயன்? அண்ணா என் கத்தலைக் குழந்தைப் பருவத்திலிருந்து கேட்டு வளர்ந்தவர். அவருக்கு அது வானொலி மாதிரி.

அண்ணாதான் எங்கள் குடும்பத்தில் முதலில் நோர்வேக்கு வந்தவர். வந்த புதிதில் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் எண்ணெயும் புகையுமாகக் கிடந்தார். பிறகு தரைக்கு வந்து, ஸ்ட்ரோம்மன் பக்கத்தில் ஒரு பண்டகசாலையில் வேலை. என்னைக் கூப்பிட்டு, கலியாணம் கட்டிவைத்து, தன் கலியாணத்தை மட்டும் மறந்துபோனார். நாங்கள் வீடு வாங்கியபோது சின்ன அறை அவருக்கு. ஐம்பது வயது வருவதற்குள் இதயத்தின் வால்வு பழுதாகிவிட்டது. மாற்றவேண்டும், அதுவரை பாரம் தூக்கக்கூடாது, விமானம் ஏறக்கூடாது என்று மருத்துவர்கள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். சும்மா இருக்கத் தெரியாத மனுசனைச் சும்மா இரு என்றால் என்ன நடக்கும்? கப்பல்தான் நடக்கும்.

புருசெத் நூலகத்தில் பழைய புத்தகங்களைக் கழித்து, விரும்பியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று வாசலில் வைத்திருந்தார்கள். அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். உலகத்துக் கப்பல்களின் படப் புத்தகம். அதில் ஒரு படத்தை எனக்குக் காட்டினார். ஆற்றங்கரையில் ஒரு கறுப்பு இரும்புச் சுவர். அதன் அடியில் எறும்பளவில் மனிதர்கள். அது சுவரல்ல, கப்பலின் வயிறு என்று எனக்கு விளங்கவே நேரமெடுத்தது.

"இதின்ரை பேர் கிரேட் ஈஸ்டர்ன். லண்டனிலை கட்டினது. அந்தக் காலத்திலை இவ்வளவு பெரிய கப்பல் உலகத்திலை ஒருத்தரும் கட்டேல்லை, பிள்ளை. இங்கிலாந்திலை ஏறினால் இடையிலை கரி ஏத்தாமல் ஒஸ்ரேலியாவுக்கே போய்ச் சேரலாம் எண்டு கணக்குப் போட்டுக் கட்டினவை."

"போச்சுதோ?"

"எங்கை போறது? தண்ணியிலை இறங்கவே மாட்டனெண்டு நிண்டுட்டுது."

ஆறு ஒடுக்கம் என்பதால் நேராக இறக்க முடியாமல், பக்கவாட்டில் சறுக்கி இறக்கப் பார்த்தார்களாம். ஊரே கூடி நிற்க, கப்பல் கொஞ்சம் அசைந்ததாம். அந்த அசைவில் அடிபட்டு ஆள் செத்ததாம். பிறகு அசையவேயில்லை. சங்கிலி அறுந்தது, இயந்திரங்கள் உடைந்தன. கார்த்திகையில் தொடங்கிய வேலை, தை மாதக் கடைசியில் ஆற்றில் பெரிய வெள்ளம் ஏறித் தானே தூக்கிக்கொண்டபோதுதான் முடிந்தது. அதற்குப் பிறகாவது நல்லது நடந்ததா? வெள்ளோட்டத்துக்குப் புறப்படச் சில நாள் இருக்க, அதைக் கட்டிய எஞ்சினியர் கப்பல் தட்டிலேயே சரிந்து விழுந்தார். கப்பல் அவரில்லாமல் கடலுக்குப் போனது. போன வழியில் உள்ளே வெடித்து, ஒரு புகைபோக்கி ஆகாயத்துக்குப் பறந்து, கரி போடுகிற தொழிலாளர்கள் வெந்து செத்தார்கள். படுக்கையில் கிடந்த எஞ்சினியர் அந்தச் செய்தியைக் கேட்டார். சில நாளில் அவரும் போய்விட்டார். அடுத்த வருடம் ஒருமாதிரி அமெரிக்காவுக்கு முதல் பயணம் போனபோது, நாலாயிரம் பேருக்கென்று கட்டிய கப்பலில் காசு கொடுத்து ஏறியவர்கள் முப்பத்துச் சொச்சம் பேராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு விசரே, அண்ணா? இதய ஒப்பரேசனுக்குக் காத்துக்கொண்டிருக்கிற ஆள், கட்டுறதுக்கு வேறை கப்பல் கிடைக்கேல்லையோ? உந்தச் சனியன் பிடிச்ச கப்பலோ?"

அண்ணா சிரித்தார். சிரித்தால் மூச்சு வாங்கும், அதனால் பாதியில் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எடி விசரி, நேரா இறங்கின கப்பல் ஆயிரம் கிடக்கு. நானும் இந்த நாட்டுக்குள்ளை பக்கவாட்டிலை இறங்கின ஆள்தானே. இதைத்தான் கட்டவேணும்."

அன்றைக்கு அதை நான் பகிடியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பேணிகளைத் தகடாக்கி, தகட்டோடு தகடு வைத்து ஈயம் உருக்கிப் பற்றவைத்தார். வெளிப்புறம் கறுப்பு வர்ணம் பூசினார். உள்ளே எட்டிப் பார்த்தால் பேணிகளின் வெள்ளிப் பளபளப்பு அப்படியே இருக்கும். ஐந்து புகைபோக்கி, இரண்டு பக்கமும் சக்கரமாய்ச் சுழலும் பெரிய துடுப்புச் சில்லு, ஆறு பாய்மரம். மூலக் கப்பலின் மாலுமிகள் அந்த ஆறு பாய்மரத்துக்கும் திங்கள், செவ்வாய், புதன் என்று சனிவரைக்கும் பெயர் வைத்திருந்தார்களாம். அண்ணாவும் மரத்துக்கு மரம் தமிழில் எழுதினார். ஞாயிறு எங்கே என்று கேட்டேன். "கடலிலை ஞாயிறு இல்லை, பிள்ளை" என்றார். எஞ்சின் அறையில் இருந்த மனிதர் சொன்னால் நம்பவேண்டியதுதான்.

ஒன்றுதான் தெரியாமல் இருந்தது. இது மிதக்குமா? குளியல் தொட்டிக்குள் வைத்துப் பார்க்க நீளம் விடவில்லை. ஒரு பக்கம் பாரம் கூடியிருந்தால் தண்ணீரில் வைத்த உடனே குப்புறக் கவிழும். அண்ணா அடித்தளத்தில் பாரத்துக்கு, போல்ட்டில் பூட்டுகிற இரும்புச் சுரைகளை வைத்து, எடுத்து, மாற்றி வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் சாப்பாட்டைக் கீழே கொண்டுபோனேன். கையைக் கழுவாமலே சாப்பாட்டுக் கோப்பையை வாங்கிக்கொண்டு சொன்னார்:

"ஒப்பரேசனுக்கு முதல் இதைத் தண்ணியிலை விட்டுப் பாக்கவேணும். நேரா நிண்டு மிதக்கிறதைக் கண்ணாலை கண்டிட்டனெண்டால் காணும். பிறகு என்னவும் செய்யட்டும்."

"வாயைக் கழுவுங்கோ" என்றேன். ஆனால் அன்றைக்கு முழுவதும் எனக்கு அந்தச் சொல்தான் காதில் நின்றது. மனுசன் கேட்டது அது ஒன்றுதான். அதைக்கூடச் செய்து கொடுக்காவிட்டால் நான் என்ன தங்கச்சி?

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை வெள்ளோட்டம் என்று நாள் குறித்தோம். தேருக்கு வெள்ளோட்டம் விடுகிற மாதிரியே செய்வதென்று முடிவு. எங்கள் அடுக்குமாடித் தொகுதிக்குப் பின்னால் காட்டுக்குள் கொஞ்சம் நடந்தால் ஒரு குளம். அங்கே கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசித்து, கப்பலைப் பக்கவாட்டில் சறுக்கி விடுவது. மூன்றாம் மாடி அக்கா வடை சுட்டுத் தருவதாகச் சொன்னா. அவதான் ஆகக் கூடப் பேணி தந்தவ. கப்பலில் முக்கால்வாசி தன் வீட்டுத் தேங்காய்ப்பால் சொதி என்று சொல்லிக்கொண்டு திரிந்தா. என் கணவருக்கு மட்டும் பயம். "இஞ்சேரும், குளத்துக்கை தகரம் போட்டனீங்களெண்டு கொம்யூன்காரன் தண்டம் போடப்போறான்" என்றார். நோர்வேக்கு வந்து இத்தனை வருடமாகியும் இவருக்குக் கொம்யூன் என்கிற நகரசபைக்குத்தான் பயம், கடவுளுக்கில்லை.

வியாழக்கிழமை காலை யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசி வந்தது. அம்மா போய்விட்டா.

சண்டை நின்ற சமாதான காலம், யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்திருந்தது. போகலாம் என்றுதான் அத்தனை வருடமும் சொல்லிக்கொண்டிருந்தோம். அடுத்த வருடம், ஒப்பரேசன் முடியட்டும், பிறகு எல்லாரும் சேர்ந்து போவம். அம்மாவும் தொலைபேசியில் "வருவியள்தானே, நான் எங்கை போறன்" என்பா. இப்போது அடுத்த நாளே பிரேதத்தை எடுக்கப்போகிறோம் என்றார்கள். நான் எந்த விமானத்தில் ஏறினாலும் போய்ச் சேரமுடியாது. அண்ணாவோ ஏறவே கூடாது. மூத்த பிள்ளை, ஒரே ஆண்பிள்ளை, இங்கே குதிக்கால் வீங்கிப்போய்க் கட்டிலில் இருக்க, அங்கே சித்தப்பாவின் மகன் கொள்ளி வைத்தான். அண்ணா அழவில்லை. தொலைபேசியைக் காதில் வைத்தபடி அங்கே கேட்கிற பறைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். லைன் அறுந்த பிறகும் வைத்திருந்தார்.

சனிக்கிழமை வந்தது. வானம் தெளிந்திருந்தது. குளம் அசையாமல் கிடந்தது. நான் அண்ணாவின் அறைக்குள் போனேன்.

"அண்ணா, ஒருத்தரும் வேண்டாம். வடையும் வேண்டாம், தேங்காயும் வேண்டாம். நீங்களும் நானும் கொண்டுபோய் விட்டிட்டு வருவம். எழும்புங்கோ."

"துடக்கெல்லே" என்றார்.

எங்கள் ஆட்களுக்குத் தெரியும். வீட்டில் சாவு விழுந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயிலுக்குப் போவதில்லை, விளக்கேற்றி நல்ல காரியம் ஒன்றும் தொடங்குவதில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு செய்து முடித்தால்தான் கழியும். ஆனால் அண்ணா இதெல்லாம் பார்க்கிற ஆளே இல்லை. கப்பலில் போன காலத்தில் பொங்கலுக்குப் பன்றி இறைச்சி தின்ற மனிதர். கோயிலுக்கு வந்தாலும் அன்னதானத்துக்கு வந்து, சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்.

"உங்களுக்கு எப்ப தொடக்கம் துடக்கு?" என்று கத்தினேன். "குளிர் இறங்கினால் குளம் உறைஞ்சுபோம். உங்களுக்கு எப்ப ஆசுப்பத்திரியிலை கூப்பிடுவினமெண்டு தெரியாது. அம்மா இருந்தால் அவவே சொல்லுவா, போய் விடடா எண்டு!"

அண்ணா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் அவவுக்குக் கொள்ளி வைக்கேல்லை, பிள்ளை. தோளிலை தூக்கேல்லை. வாய்க்கரிசி போடேல்லை. முப்பத்தொரு நாள் துடக்கு எண்டு ஒண்டு இருக்கு. அதை இஞ்சை இருந்துகொண்டும் காக்கலாம். அதையாவது காக்க விடு."

அறையை விட்டு வெளியே வந்து, குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அம்மாவுக்காக அழுதேனா, அந்தப் பாழாய்ப்போன கப்பலுக்காக அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

அந்த முறை குளிர் முந்திக்கொண்டு வந்தது. அந்தியேட்டிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போதே குளத்தில் பப்படம் மாதிரி மெல்லிய ஐஸ் படிந்துவிட்டது. அந்தியேட்டி முடியட்டும், தடியால் உடைத்துவிட்டு இறக்குவோம் என்று நான் சொன்னேன். அண்ணாவும் ஓம் என்றார். ஆனால் அந்தியேட்டிக்கு அடுத்த நாள் அவருக்கு மூச்சுத் திணறி, நெஞ்சில் நீர் கோத்து, ஆசுப்பத்திரியில் வைத்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது உறைந்து இறுகிய குளத்தின் நடுவில் பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணா யன்னலடியில் நின்று மரங்களுக்கு நடுவில் தெரிந்த வெள்ளைத் திட்டைப் பார்த்தார். "அதுவும் கார்த்திகையிலைதான் இறங்கமாட்டனெண்டு நிண்டது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பனி பெய்த மாரிகாலம் முழுக்கக் கப்பல் நிலவறையில் கிடந்தது. அண்ணாவால் படி இறங்க முடியவில்லை. மின்தூக்கியில் போய், முக்காலியில் இருந்து, அதைத் துடைத்துவிட்டு வருவார். மூன்றாம் மாடி அக்கா கண்ட இடத்தில் எல்லாம் "அண்ணை, கப்பல் எப்ப?" என்று கேட்பா. "தண்ணி வரட்டும்" என்பார். மாசி முடிகிற நேரத்தில் ஆசுப்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. திங்கட்கிழமை வந்து படுக்கவேண்டும்.

அதற்கு முதல்நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அண்ணா சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு நின்றார். "கப்பலை எடுங்கோ" என்றார் என் கணவரிடம். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"குளம் ஐஸ், அண்ணா" என்றேன்.

"தெரியும். ஐஸுக்கு மேலை வைப்பம். அந்தக் கப்பலையும் ஒருத்தராலையும் தள்ளேலாமல் போச்சு. கடைசியிலை தண்ணிதானே வந்து தூக்கினது? இதையும் தண்ணி வந்து தூக்கட்டும். நான் திரும்பி வர ஐஸ் உருகிற நேரமும் சரியாயிருக்கும்."

கப்பலைப் பனிச்சறுக்குப் பலகையில் கட்டி, என் கணவர் இழுத்தார். நான் பின்னால் பிடித்துக்கொண்டேன். அண்ணா பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று வந்தார். கரையிலிருந்து கொஞ்சத் தூரத்தில் அதை இறக்கி வைத்தோம். வெயில் நல்லாய் எறித்தது. வெள்ளை ஐஸுக்கு மேலே கறுப்புக் கப்பல், ஐந்து புகைபோக்கியும் ஆறு பாய்மரமுமாக. சும்மா சொல்லக்கூடாது, வடிவாகத்தான் இருந்தது. பனியில் சறுக்கிக்கொண்டு போன நோர்வேக்காரர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அண்ணா துடுப்புச் சில்லின் அச்சுத் துளைகளில் தண்ணீர் புகாதபடி கிரீஸ் பூசினார். நான் பையிலிருந்து தேங்காயை எடுத்தேன்.

"இப்ப வேண்டாம். மிதந்தாப் பிறகு உடைப்பம்" என்றார். பிறகு பாய்மரங்களைப் பார்த்துச் சிரித்தார். "இண்டைக்கு ஞாயிறு. இந்தக் கப்பலிலை இல்லாத நாள் பாத்துத்தான் கொண்டுவந்து வைச்சிருக்கிறம்."

திங்கள் போய்ப் படுத்தார். அடுத்த நாள் ஒப்பரேசன். வால்வை மாற்றிவிட்டார்கள், ஆனால் இதயம் திரும்பத் தன் வேலையை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. மருத்துவர்கள் தங்களால் ஆனது எல்லாம் செய்தார்கள். ஒருவரையும் நான் குறை சொல்லமாட்டேன். அந்தக் கிழமை முடிவதற்குள் அண்ணா போய்விட்டார். கண் விழிக்கவேயில்லை. நான் அவர் காதடியில் கப்பல் நிற்கிறது, ஐஸ் இன்னும் உருகவில்லை, நீங்கள் எழும்புங்கோ என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கேட்டிருந்தால் எழும்பியிருப்பார்.

இந்த முறை என் வீட்டில் துடக்கு. சொல்லித் தர ஒருவரும் தேவையில்லை, இப்போதுதானே ஒன்று காத்து முடித்திருந்தோம். வேலைக்குப் போகிற வழியில் குளத்தடிக்குப் போவேன். நான் அப்போது குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சமையல். போய் நின்று கப்பலைப் பார்ப்பேன். ஐஸ் வெள்ளையிலிருந்து சாம்பல் நிறத்துக்கு வந்தது. கரையோரமாகத் தண்ணீர் கசிந்தது. ஒருநாள் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஐஸ் அப்போது என்னைத் தாங்காது. தாங்கியிருந்தாலும் எடுத்திருக்கமாட்டேன். தண்ணி வந்து தூக்கட்டும் என்று அவர் சொன்னவர்.

முப்பத்தோராம் நாள் மண்டபம் எடுத்து அந்தியேட்டி. காலையிலிருந்து அடுப்படிதான். ஐயர் வந்தார், சனம் வந்தது, மூன்றாம் மாடி அக்கா வடை சுட்டா. அவ ஒரு வடையைக் கையில் எடுத்து, "உதைக் குளத்தடியிலை திண்டிருக்கவேணும்" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டா. வெளியே அந்த வருடத்தின் முதல் சூடான நாள். காற்றும் நல்லாய் அடித்தது. எனக்குக் குளம் ஞாபகம் வந்தது. ஆனால் ஐயரை அனுப்பி, சனத்துக்குப் படைத்து, பாத்திரம் கழுவி முடிக்காமல் எங்கே போவது?

அடுத்த நாள் காலை விடிந்ததும் ஓடினேன். குளம் முழுக்கத் தண்ணீர். ஒரு ஓரத்தில் மட்டும் உடைந்த ஐஸ் ஒதுங்கிக் கிடந்தது. கப்பலைக் காணவில்லை. கரையைச் சுற்றி ஓடினேன். ஒரு பாய்மரம்கூட இல்லை. கரையில் நின்று வாய்விட்டுத் திட்டினேன்: குளத்தை, ஐஸை, துடக்கை, என்னை விட்டுவிட்டுப் போனவரை. தமிழில்தான் திட்டினேன். நாயோடு நடந்து வந்த ஒரு நோர்வே மூதாட்டி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தா.

"அந்தக் கப்பல் உன்னுடையதா?" என்று கேட்டா.

என் அண்ணா கட்டியது என்றேன்.

அவவின் முகம் மலர்ந்தது. நேற்று மத்தியானம் தானும் கணவரும் இங்கேதான் நின்றார்களாம். கப்பலைச் சுற்றி ஐஸ் சத்தத்தோடு பிளந்ததாம். ஒரு பக்கம் ஒரேயடியாகச் சரிந்ததாம். கரையில் நின்ற எல்லாரும் ஐயோ என்றார்களாம். பிறகு மெல்ல நிமிர்ந்து நேராக நின்றதாம். காற்று அதைப் பக்கவாட்டிலேயே தள்ளிக்கொண்டு நடுக்குளத்துக்குப் போனதாம். பிள்ளைகள் கரையோரமாகக் கூடவே ஓடினார்களாம். பின்னேரம் முழுக்க மிதந்ததாம். பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, சாயாமல், நின்றபடியே உள்ளே போனதாம். "நாங்கள் கை தட்டினோம். யாருக்குத் தட்டுகிறோம் என்றுதான் தெரியவில்லை" என்றா. நாயைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்போது திரும்பிச் சொன்னா: "உன் அண்ணாவிடம் கட்டாயம் சொல்லு. நேராக நின்றது என்று சொல்லு."

சொல்கிறேன் என்றேன். வேறென்ன சொல்வது?

வீட்டுக்கு வந்தேன். சாமி அறையில் அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் அண்ணாவின் படம். முதல்நாள் போட்ட மாலை இன்னும் வாடவில்லை. குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில், அன்றைக்குக் குளத்தடியில் உடைக்காமல் கொண்டுவந்த தேங்காய் இருந்தது. கையில் எடுத்துக் குலுக்கினேன், தண்ணீர் இருந்தது. பல்கனியில் வைத்து உடைத்தேன். நேராக, இரண்டு பாதியாக உடைந்தது. ஒரு பாதியை அம்மாவுக்கு முன்னால் வைத்தேன். மற்றதை அண்ணாவுக்கு முன்னால் வைத்தேன்.

அண்ணாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"அம்மா, அண்ணான்ரை கப்பல் மிதந்ததாம். கவிழேல்லையாம், நேரா நிண்டதாம். ஆள் உங்களுக்குப் பக்கத்திலைதான் நிக்கிறார். நீங்களே சொல்லிவிடுங்கோ."